அமெரிக்க ஏழரை

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது அல்ல. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். நாலு பேர் பாய்ந்து அவனைக் குப்புறத் தள்ளுவார்கள். காலை எட்டரை மணிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நடப்பதேதான். அங்கே ஹெல்மெட் உண்டு, அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தில் பந்தயம் கட்டும் சூட்சுமத்தை எனக்குச் சொன்னவன் அக்கா பையன். நியூஜெர்ஸியில் வேலை. லீவில் வந்தவனை முக்கொம்புக்கு அழைத்துப் போயிருந்தேன்.

“பலமான டீமும் நோஞ்சான் டீமும் மோதினா யார் மேல பணம் கட்டுவீங்க மாமா?”

“இதென்ன கேள்வி? பலமானவன் மேலதான்.”

“எல்லாரும் அப்படியே கட்டினா, பந்தயம் நடத்தறவன் தலையில துண்டைப் போட்டுக்க வேண்டியதுதான். அதனால பலமான டீம் மேல ஏழரைப் பாயிண்ட் பாரம் ஏத்திடுவான். எட்டுப் பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சாத்தான் நமக்குப் பணம். ஏழுல ஜெயிச்சா, நோஞ்சான் மேல கட்டினவனுக்கு!”

“சனிக்குத்தான்டா ஏழரை. இதுல எதுக்கு?”

“ஆட்டத்துல அரைப் பாயிண்டே கிடையாது மாமா. சரிசமம்னு பணத்தைத் திருப்பித் தர வேண்டி வரக்கூடாது, அதுக்குத்தான் அரை.”

ஃபீல்டு கோலுக்கு 3 புள்ளி. டச்டவுனுக்கு 6, அதன்பின் உதைக்கு 1. ஆகவே வெற்றி வித்தியாசம் 3 அல்லது 7 என்று அடிக்கடி வரும். அந்த இடங்களில் அரைப் புள்ளிக்கு ஏக கிராக்கி. 1940-களில் சிகாகோவின் சார்லஸ் மெக்நீல் என்ற கணக்குக்காரர் கண்டுபிடித்த ஏற்பாடு என்கிறார்கள்.

எதிரே இருந்த அணையைக் காட்டி, “இது நம்ம ஊர் சமாசாரம்டா!” என்றேன். ஒரு காலத்தில் கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. வந்த தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடியது. தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டினார். அதாவது, பலசாலி மேல் பாரம். பிறகு காவிரிக்குத் தண்ணீர் கூடிப்போகவே, அந்தத் தலைப்பிலும் ஒரு தடுப்பு. பந்தயக்காரனும் இதையேதான் செய்கிறான். பணம் ஒரு பக்கம் குவிந்தால் ஏழரையை எட்டாக்குவான், ஆறரையாக்குவான். இரண்டு பக்கமும் பணம் சமமாகப் பாய வேண்டும், அதுதான் குறி.

கணிப்பு தவறாதா? பேஷாகத் தவறும். 1969 ஜனவரியில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணிக்கு 18 புள்ளி பாரம் வைத்தார்கள். நியூயார்க் ஜெட்ஸ் 16-7 என்று அவர்களைத் தோற்கடித்தே விட்டது. முக்கொம்பிலும் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய கொள்ளிடம் அணையின் மதகுகள் பல அடித்துக்கொண்டு போகவில்லையா?

சரி, நடத்துபவனுக்கு என்ன லாபம்? 100 ஜெயிக்க 110 கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஆளுக்கு 110 கட்டினால் வசூல் 220. ஜெயித்தவனுக்கு 210. மீதிப் பத்து, யார் ஜெயித்தாலும் அவன் பைக்கு. நம் கணக்கோ வேறு: 21 முறை கட்டி 11 முறை ஜெயித்தால் வரவு 1,100, பத்து முறை தோற்றதில் செலவு 1,100. பாதிக்கு மேல் ஜெயித்தும் கையில் பூஜ்யம்!

அங்கே 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பின் பல மாநிலங்களில் இது சட்டப்படியே நடக்கிறது. இங்கே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல் மத்திய அரசு தடைச் சட்டமே கொண்டுவந்தது. ஆனாலும் என் ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பையன், ஐ.பி.எல். பந்தயத்தில் முதலில் பைக்கை விட்டான்; அப்புறம் மனைவியின் செயின் அடகுக் கடைக்குப் போயிற்று.

அவனுக்கு அந்த 21-ஐயும் 11-ஐயும் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தான்.

“அப்ப 12 தடவை ஜெயிச்சா லாபம்தானே சார்?” என்றான்.

அடகுச் சீட்டை வாங்கி என் டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். மாசம் ஆயிரமாகக் கட்டிக்கொண்டு வருகிறோம். இன்னும் பதினாலு மாசம்.