நம்ம ஆத்துக்கு என்ன உருகுது?

போன பிசானத்துக்கு விதைநெல் வாங்க எங்கள் விரிவாக்க மையத்துக்கு வந்திருந்தார் அண்ணாச்சி. அறுபதைத் தாண்டியவர். தாமிரபரணிக் கால்வாய் ஒன்றின் கடைமடையில் இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிறார். அன்றைக்கு எங்கள் அலுவலகத்து இளம் உதவி வேளாண் அலுவலர் விடுமுறை முடிந்து வந்து, செல்போனில் படம் காட்டிக்கொண்டிருந்தார். இமாச்சலப் பிரதேசத்தில் ஹம்ப்டா கணவாயை வழிகாட்டிகளோடு நடந்து கடந்திருக்கிறார். குல்லு பக்கத்திலிருந்து ஏறி, ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில் கணவாயைத் தாண்டி, லாகுல் பக்கம் இறங்கும் நாலைந்து நாள் நடை. ஏறும் பக்கம் பச்சைப் பசேல் என்று மரமும் புல்லும். தாண்டி இறங்கினால் மொட்டை மலை, வறண்ட மண்.

அண்ணாச்சி படத்தை உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“இந்தப் பனி உருகித்தான் கங்கை ஓடுதுன்னு சொல்லுதாவ. சரி. நம்ம ஆத்துக்கு என்ன உருகுது சார்?”

“மலையில பெய்யிற மழைதான் அண்ணாச்சி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ரெண்டும் நமக்கு உண்டுல்லா” என்றேன்.

“மழை பெஞ்சா வெள்ளம் வரும். ரெண்டு நாள்ல கடலுக்குப் போயிரும். மாசி, பங்குனியில ஓடுத தண்ணி எங்கேருந்து வருது? நீங்க மலைக்கு மேல போய்ப் பாத்திருக்கீயளா?”

பார்த்ததில்லை. இந்த வேலைக்கு வந்து முப்பது ஆண்டு ஆகப்போகிறது. பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைத் தினமும் பார்ப்பேன். முழு உயரம் 143 அடி. இன்றைக்கு எத்தனை அடி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அணைக்கு மேலே என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்ததில்லை.

அண்ணாச்சி கேட்டதில் ஒரு பழைய கணக்கும் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஜூன் மாதத் தொடக்கத்தில் நல்ல மழை. ‘அணை ஏறுது, தைரியமாக் கார் நாத்துப் போடுங்க’ என்று நான்தான் அவரிடம் சொன்னேன். பத்தே நாளில் மலையில் மழை நின்றது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. நாற்றங்காலோடு போயிற்று அந்தக் கார். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு உறுத்தல்.

“வாங்க அண்ணாச்சி, ரெண்டு பேருமாப் போய்ப் பாத்துட்டு வருவோம்” என்றேன்.

அந்தப் பக்கமாகத்தான் வழி

நம் பொதிகை மலையின் உச்சிதான் அகத்தியர்கூடம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர், அதாவது ஏறத்தாழ 6,100 அடி. முன்காலத்தில் நம்மவர்கள் பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, கண்ணிகட்டி, பூங்குளம் வழியாக நடந்து போவார்கள். தாமிரபரணி பிறக்கும் இடம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இந்தப் பூங்குளத்தைத்தான். ஆனால் அந்தப் பாதை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உட்பகுதியில் இருக்கிறது. அந்த வழியாக இப்போது அனுமதி இல்லை.

கேரள வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தில், முன்பதிவு செய்தவர்களை மட்டும் வழிகாட்டியோடு மூன்று நாள் நடையாக அனுப்புகிறது. போன பிப்ரவரியில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அண்ணாச்சி வயலில் பிசானம் பால் பிடிக்கிற நேரம். பாய்ச்சலை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். இருவரும் டாக்டரிடம் உடல்தகுதிச் சான்று வாங்கினோம். ‘முழங்காலைப் பாத்துக்கோங்க’ என்று சொல்லித்தான் எனக்குக் கையெழுத்துப் போட்டார். திருவனந்தபுரம், விதுரை வழியாக போனக்காடு போய்ச் சேர்ந்தோம். பழைய தேயிலைத் தோட்ட ஊர். நடை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் நாள்: யார் தண்ணீர்?

பைகளைச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். பிளாஸ்டிக், பீடி, மது எதற்கும் அனுமதி இல்லை. பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி. எங்களுக்கு வந்தவர் காணி இனத்து இளைஞர். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். காணி மக்கள் மலையின் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நம் பக்கம் காரையாறு, சேர்வலாறு பகுதியிலும் அவர்கள் குடியிருப்புகள் உண்டு.

அன்றைக்கு அதிருமலை முகாம் வரை சுமார் 15 கிலோமீட்டர். முதல் பாதி அடர்ந்த காடு, தலையில் வெயில் படவில்லை. வழியில் ஓடை மாற்றி ஓடை. ஒவ்வொன்றிலும் அண்ணாச்சி கைநிறைய அள்ளிக் குடித்தார்.

“தாமிரபரணி ருசி தெரியுது சார்.”

வழிகாட்டி சிரித்துவிட்டார். “இது கரமனையாறு. இந்தப் பக்கம் இறங்குற தண்ணி எல்லாம் கேரளத்துக்குப் போகும். நெய்யாறும் இந்த மலையிலதான் பிறக்குது. அந்த முகட்டுக்கு அப்புறம் விழுறதுதான் உங்க ஊருக்கு.”

“அப்ப இவ்வளவு நேரம் அவுக தண்ணியவா குடிச்சேன்!” என்றார் அண்ணாச்சி. ஆனாலும் அடுத்த ஓடையிலும் குடித்தார்.

மதியத்துக்கு மேல் காடு விலகிப் புல்மேடு வந்தது. நிழலே இல்லாத ஏற்றம், வழியெல்லாம் யானைச் சாணம். அங்கேதான் என் வலது முழங்கால் பேச ஆரம்பித்தது. மறைக்கப் பார்த்தேன், அண்ணாச்சி கவனித்துவிட்டார்.

நாங்கள் மூச்சு வாங்குவதைப் பார்த்த வழிகாட்டி ஆரோக்கியப் பச்சை பற்றிச் சொன்னார். 1987-ல் கேரளத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள் இந்த மலையில் ஏறியபோது அவர்கள் களைத்துப் போனார்கள்; கூட வந்த காணிகள் களைக்கவில்லை. காரணம் கேட்டபோது அவர்கள் தின்றுகொண்டு வந்த ஒரு சிறு செடியின் காயைக் காட்டினார்கள். அதை ஆராய்ந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. 1995-ல் அதைத் தயாரிக்கும் உரிமையை ஒரு மருந்து நிறுவனத்துக்குக் கொடுத்தபோது, வரும் பணத்தில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. அதற்காகவே 1997-ல் ஓர் அறக்கட்டளை பதிவானது. பாரம்பரிய அறிவுக்கு உரியவர்களோடு வருமானத்தைப் பங்கிட்டதற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் நிகழ்வு இது.

“பாதியா? நம்ம பாட்டன் காத்த நெல்லுக்கு எவனும் கால் காசு தரலையே” என்றார் அண்ணாச்சி. அந்தக் காயைக் கேட்கவும் செய்தார். பறிக்க அனுமதி இல்லை என்று வழிகாட்டி கையை விரித்துவிட்டார்.

இருட்டுவதற்கு முன்னே அதிருமலை சேர்ந்தோம். யானை வராமல் இருக்க முகாமைச் சுற்றி அகழி. இரவு சூடான கஞ்சி கிடைத்தது. குளிரில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இரண்டாம் நாள்: நான் நின்ற இடம்

உச்சிக்கு இன்னும் சுமார் ஆறு கிலோமீட்டர். ஈத்தல் காட்டுக்குள் புகுந்து ஏறினால் பொங்கலப்பாறை. அகன்ற பாறை, மேலே ஓடும் நீர். அதற்கு மேல்தான் கடினம். சில இடங்களில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏற வேண்டும்.

என் நடையைப் பார்த்த வழிகாட்டி, “சாரே, ஏறிரலாம். இறங்குறதுதான் பாடு. இங்கே நில்லுங்க” என்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு நிற்பதா என்று எனக்கு ஆத்திரம்தான். அண்ணாச்சி என் தோளில் கை வைத்தார். “சார், வழி தெரிஞ்சவன் சொன்னாக் கேட்டுக்கிடணும். நான் பாத்துட்டு வந்து சொல்லுதேன்.”

அணை ஏறுகிறது என்று நான் சொன்னபோது அவரும் இப்படித்தான் என் பேச்சைக் கேட்டிருப்பார். நான் உட்கார்ந்துவிட்டேன். வனத்துறைக் காவலர் ஒருவர் துணைக்கு இருந்தார்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். நான் தேடி வந்தது அந்த இடத்திலேயே இருந்தது. மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. ஆனாலும் மரவேர்களுக்கு அடியிலிருந்தும், பாறை இடுக்கிலிருந்தும், பாசியின் நுனியிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு சொட்டு, அடுத்து ஒரு சொட்டு. அவை சேர்ந்து நூல் போல ஒழுகி, விரல் கனத்துக்கு ஓடி, ஓடையில் விழுந்தன.

பக்கத்தில் மரத்தடியில் சருகை விலக்கிக் கையை வைத்தேன். மேலே காய்ந்த சருகு. அடுத்து பாதி மக்கிய இலை, அதற்குக் கீழே கறுப்பு மண். நனைத்துப் பிழிந்த துணி மாதிரி ஈரம். மண் மாதிரி எடுத்தே பழகிய கை இது. நம் பக்கத்து வயல் எதிலும் இப்படி ஒரு மண்ணை நான் தொட்டதில்லை. மழை இந்த மண்ணில் விழுந்து ஓடுவதில்லை, இறங்குகிறது. இறங்கிய நீரை வேரும் மக்கும் பிடித்து வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. உயரத்தில் தவழும் மஞ்சும் இலைகளில் படிந்து சொட்டுகிறது. முகட்டுக்கு அந்தப் பக்கம் நம் பூங்குளத்துக்கு மேலே நடப்பதும் இதுதான்.

அண்ணாச்சி கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. உருகுவதற்கு நமக்குப் பனி இல்லை. நம் பனி இந்தக் காடுதான். கங்கையிலும் பெரும்பகுதி மழைநீர்தான் என்றாலும், மழை இல்லாத கோடையில் கைகொடுப்பது உருகும் பனி. மழை இல்லாத மாசியில் நமக்குக் கைகொடுப்பது இந்தச் சருகு மெத்தை.

ஹம்ப்டா படத்தின் பொருளும் அப்போதுதான் உறைத்தது. நம் மலையும் அப்படித்தான். ஜூன், ஜூலையில் மேகம் மேற்கே முட்டிக் கொட்டுகிறது. அந்த மழை முகட்டைத் தாண்டி நம் சமவெளிக்கு வருவது சொற்பம். அதாவது, கார் சாகுபடிக்கான மழை நம் வயலில் பெய்வதில்லை. மலை முகட்டில் பெய்து, காட்டில் தங்கி, ஆற்றில் வருகிறது. அன்றைக்கு நான் அணையின் அடிக்கணக்கை மட்டும் பார்த்து வாக்குக் கொடுத்தேன். மலையில் மழை நிலைத்துப் பெய்கிறதா என்று பார்க்கவில்லை. பிழை அதுதான்.

அண்ணாச்சி திரும்பி வந்தார். முட்டியில் சிராய்ப்பு, முகமெல்லாம் சிரிப்பு.

“மேல என்ன தெரிஞ்சுது அண்ணாச்சி?”

“அகத்தியர் சிலை இருக்கு. காத்து ஆளைத் தள்ளுது. மரமெல்லாம் குட்டை குட்டையா நிக்கி. நம்ம பக்கம் ஒரே மஞ்சு, ஒண்ணும் தெரியலை சார்.”

நான் என் கையில் இருந்த மண்ணைக் காட்டினேன். வாங்கிப் பிசைந்து பார்த்தார். மோந்தும் பார்த்தார். பிறகு எடுத்த இடத்திலேயே போட்டுச் சருகை மூடினார். “இதுவா உருகுது!” என்றார்.

கீழே வந்த பிறகு

மூன்றாம் நாள் இறங்கினோம். என் முழங்கால் பத்து நாள் வலித்தது.

இந்த மலையை 2001-ல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றது. 2,254 வகை உயர் தாவரங்கள் இருப்பதாகக் கணக்கு; அவற்றில் சுமார் 400 இந்தப் பகுதிக்கே உரியவை. ஏலம், மிளகு, ஜாதிக்காய், நாவல், வாழை ஆகியவற்றின் காட்டு உறவுகள் அங்கே வாழ்கின்றன. நாளைக்கு நம் வாழையில் புது நோய் வந்தால், எதிர்ப்புத் திறனைத் தேடிப் போக வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

காடு எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. சமவெளியில் பெய்த அந்தப் பேய்மழையை எந்த மலைக்காடும் தாங்கியிருக்காது. ஆனால் எட்டு அணைக்கட்டு, பதினொரு கால்வாய், 86,000 ஏக்கருக்கு மேல் பாசனம், இத்தனை ஊருக்குக் குடிநீர் என்று நாம் அனுபவிக்கும் அன்றாட நீரை அந்தச் சருகுதான் பிடித்து வைத்திருக்கிறது.

அண்ணாச்சி இந்தக் காரில் இரண்டு காரியம் செய்தார். நாற்றுக்கு அவசரப்படாமல், மலையில் மழை நிலைத்த பிறகே விதைத்தார். அதுவும் குறுகிய வயது ரகமான அம்பை 16. இன்னொன்று, கோடையில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். பிசான வைக்கோலின் மிச்சத்தையும் இந்த முறை எரிக்கவில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும்போது, ஈரம் முன்னைவிட ஒரு நாள் கூடுதலாக நிற்கிறது என்கிறார். நான் அளந்து பார்க்கவில்லை. ஆனால் மண்ணைக் கையில் எடுத்து மோந்து பார்க்கிற பழக்கம் இப்போது இரண்டு பேருக்குமே வந்துவிட்டது.

போக விரும்புகிறவர்களுக்கு

கேரள வனத்துறையின் இணையதளத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிப்பு வரும். இடங்கள் வேகமாக முடிந்துவிடும். டாக்டரின் உடல்தகுதிச் சான்றும் அசல் அடையாள அட்டையும் கட்டாயம். 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 2019 முதல் பெண்களும் போகிறார்கள். பூஜைப் பொருட்களைக் கொண்டுபோகக் கூடாது. இரண்டு மாதமாவது தினமும் நடந்து, ஏற்றம் ஏறிப் பழகிவிட்டுப் போங்கள். வழிகாட்டி நில் என்றால் நின்றுவிடுங்கள். உச்சிக்குப் போகாவிட்டாலும் பார்க்க வேண்டியது வழியிலேயே இருக்கிறது.