கைநீட்டக் காசில் ஒரு பேய்ப்படம்

சித்திரை ஒன்றாம் தேதி விடியலில் எங்கள் வீட்டில் யாரும் தானாகக் கண் திறக்கக் கூடாது. ஆச்சி வந்து கையைப் பிடித்து, மூடிய கண்ணோடு சாமி அறைக்கு நடத்திக்கொண்டு போவாள். உருளியில் வெள்ளரிக்காய், மாம்பழம், பலாச்சுளை, கொன்றைப்பூ. நடுவில் சாய்த்து வைத்த கண்ணாடி. புது வருஷத்தில் கண்ணில் படும் முதல் காட்சி அதுவாக இருக்க வேண்டும். கனி கண்டு முடித்ததும் பெரியவர்கள் உள்ளங்கையில் காசு வைப்பார்கள். அது கைநீட்டம். குமரி மாவட்டத்தில், அதிலும் தக்கலைப் பக்கத்தில், இந்த இரண்டும் இல்லாமல் வருஷம் பிறந்ததாகக் கணக்கில்லை.

2005இல் அந்தச் சித்திரை ஒன்றாம் தேதிதான் 'சந்திரமுகி' வருகிறது என்று முடிவானபோது ஆச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கனி காணுற அன்னைக்கா மக்கா பேயைக் காணப் போற?"

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ரஜினி ரசிகன். பதில் சொல்லத் தெரியவில்லை.

ரஜினியின் 'பாபா' வந்தது 2002 ஆகஸ்ட் 15. அது போன போக்கு ஊரறிந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எட்டு மாதம் எங்களுக்குப் படமே கிடையாது. விஜய் ரசிகர்கள் சாயாக்கடையில் எங்களைப் பார்த்ததும் துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போலக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அந்த நிலையில் பி. வாசு இயக்கத்தில், சிவாஜி புரொடக்ஷன்ஸ் தயாரிப்பில் படம் என்றார்கள். சந்தோஷம். 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் ரீமேக் என்றார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

காரணம் உண்டு. 1993 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஃபாசில் எடுத்து வெளியிட்ட அந்தப் படத்தை மதுரைக்காரரும் சென்னைக்காரரும் கேள்விப்பட்டிருக்கலாம், நாங்கள் பார்த்தவர்கள். மலையாளப் படம் எங்கள் பக்கத்துத் தியேட்டர்களில் சர்வ சாதாரணம். அதோடு, அந்தப் படத்தின் சில பகுதிகளை எடுத்ததே எங்கள் பத்மநாபபுரம் அரண்மனையில். 1956இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிற மலையாள வீடு. பேய் குடியிருக்க அதைவிடத் தோதான இடம் எது? இப்போதும் அங்கே வருகிற வெளியூர்க்காரர்கள் தாய்க்கொட்டாரத்தின் மர வேலைப்பாட்டைப் பார்த்து முடிப்பதற்குள், படத்தில் வந்த நாகவல்லி அறை எங்கே என்று கேட்டுவிடுகிறார்கள். திங்கட்கிழமை வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு.

அந்தப் படத்தை நான் பார்த்தபோது வயது பதினொன்று. மாமா கூட்டிக்கொண்டு போனார். ஷோபனா கண்ணை உருட்டி, குரலை மாற்றிப் பேசத் தொடங்கியபோது நான் நடுங்கியதற்கு ஒரு தனிக் காரணம் இருந்தது. அந்தப் பேய் தமிழ் பேசியது. நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி. அதுவரை மலையாளமாக ஓடிய படத்தில் எங்கள் பாஷை வருகிறது, அது பேயின் வாயிலிருந்து வருகிறது. திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அது அந்நியக் குரல். தக்கலையில் பார்த்த எனக்கு அது ஆச்சி கோபத்தில் பேசுவதுபோல் இருந்தது.

பின்னால் இந்தக் கதை போன ஊரெல்லாம் இதே வழக்கம்தான். 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாக வந்தபோது நாகவல்லி தெலுங்கில் பாடினாள். தமிழில் சந்திரமுகியும் தெலுங்கு. 2007இல் இந்திக்குப் போனபோது மஞ்சுலிகா வங்காளி. பேயை யாரும் சொந்த வீட்டில் பெற்றுக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டிலிருந்துதான் வரவழைக்கிறார்கள்.

கதை தெரிந்துவிட்ட படத்துக்கு எதற்காகக் காத்திருப்பது? யார் பேய் என்று தெரியும், பூட்டிய அறையில் என்ன இருக்கிறது என்று தெரியும், கடைசியில் அது பேயே இல்லை, மனநோய் என்பதும் தெரியும். மிச்சம் இருந்த மர்மம் ஒன்றுதான்: எப்போது வரும். ஆகவே நாங்கள் தேதியைப் பிடித்துக்கொண்டோம். தேர்தல் தேதியைப் பற்றிக்கூட எங்கள் ஊர் அவ்வளவு பேசியிருக்காது.

சாயாக்கடையில் முதல் தீர்மானமாக, மலையாளம் பார்த்தவன் பார்க்காதவனிடம் முடிவைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் செய்துகொண்டோம். மீறுகிறவன் அன்றைய சாயாக் கணக்கு முழுதும் கொடுக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் இரண்டு பேர் கொடுத்தார்கள். அதில் ஒருவன் நான்.

பொங்கலுக்கே வந்துவிடும் என்று ஒரு கட்சி. படப்பிடிப்பு தொடங்கியதே 2004 கடைசியில். பொங்கலுக்கு எப்படி வரும் என்று யோசிக்க அவர்களுக்கு நேரமில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒருவன் மட்டும் புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி போட்டான். "படத்துக்குள்ளயே நாள் குறிச்சிருக்குல்லா? துர்க்காஷ்டமி அன்னைக்குத்தான் அவ முழுசா வெளிய வருவா. அப்பம் ஆயுத பூசைக்கு விடுறதுதானே முறை?" எல்லாரும் ஒரு நிமிஷம் வாயடைத்துப் போனோம். நியாயமான பேச்சு. ஆனால் ஐப்பசி நெருங்கினால் எங்கள் பக்கம் மழை கொட்டும்; அதோடு, ரஜினி படத்துக்காக இன்னும் ஆறு மாதம் காத்திருக்க எவனுக்கும் மனசில்லை. அவன் தோற்றான். இரண்டு வருஷம் கழித்து இந்தியில் 'பூல் புலையா' வந்தது 2007 அக்டோபர் 12இல், சரியாக நவராத்திரி தொடங்கிய நாள். அன்றைக்கு அவன் துபாயிலிருந்து போன் செய்து, "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்றான்.

ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒரு அண்ணன் வேறு கணக்கு வைத்திருந்தார். ரப்பர் மரம் மாசி, பங்குனியில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும், வெட்டு நின்றிருக்கும், சித்திரை பிறக்கும்போது கையில் காசு இருக்காது. "ஒரு மாசம் தள்ளி விட்டா என்ன கேடு?" என்றார். எங்கள் விவாதம் முழுவதிலும் உருப்படியான பேச்சு அதுதான். சென்னையில் தேதி குறிக்கிறவர்கள் பள்ளிக்கூட விடுமுறையைப் பார்ப்பார்கள், எதிர்ப் படங்களைப் பார்ப்பார்கள். திருநெல்வேலியையும் கன்னியாகுமரியையும் சேர்த்து டி.கே. ஏரியா என்று ஒரே பெயரில் விற்றுவிடுகிற வியாபாரத்தில், ரப்பர் மரம் எப்போது இலை உதிர்க்கும் என்று பார்க்க யார் இருக்கிறார்கள்?

எதிர்ப் படங்கள் என்றேன். அன்றைக்கே கமலின் 'மும்பை எக்ஸ்பிரஸ்', அன்றைக்கே விஜயின் 'சச்சின்'. மூன்றும் ஏப்ரல் 14, வியாழக்கிழமை. மோதல் வேண்டாம், ஒரு வாரம் தள்ளினால் என்ன என்று எங்களில் பயந்தவர்கள் சொன்னார்கள். தள்ளினால் பயந்துவிட்டோம் என்பார்களே என்று அதைவிடப் பயந்தவர்கள் சொன்னார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளச்சல்காரன். முந்தைய டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது அவனுடைய வீடு போயிற்று. வீட்டோடு போனவர்களைப் பற்றி அவன் எங்களிடம் பேசியதில்லை. தார் ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகையில் இருந்தான். கடற்கரை ஊர்கள் அப்படிக் கிடக்கும்போது இந்த வருஷம் கட்அவுட், பட்டாசு எல்லாம் வேண்டுமா, படத்தையேகூடக் கொஞ்சம் தள்ளி வைத்தால் மரியாதையாக இருக்குமே என்று ரசிகர் மன்றத்தில் பேச்சு வந்தது. சென்னையில் குறித்த தேதியை நாங்கள் என்னவோ தள்ளி வைக்கப் போகிறவர்கள் மாதிரி. எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தோம்.

"சீக்கிரம் வரட்டு," என்றான். "மூணு மணிக்கூர் இருட்டுக்குள்ள இருக்கலாம்லா."

அதற்குப் பிறகு தேதியைப் பற்றி அந்தக் கடையில் யாரும் பேசவில்லை.

மன்றக் காட்சி விடியற்காலையில் என்று முடிவானது. கனி காணும் நேரமும் அதுதான். ஆச்சியிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் சுற்றி வந்தேன். சொன்னதும் அவள் எதுவும் பேசவில்லை. முந்தின இரவு பதினோரு மணி வரை "பெட்டி வந்தாச்சா, பெட்டி வந்தாச்சா" என்று தியேட்டர் வாசலில் நின்றிருந்தேன். அன்றெல்லாம் படம் என்றால் தகரப் பெட்டியில் வருகிற பிலிம் சுருள்தான். பெட்டியைக் கண்ணால் கண்டால்தான் ரிலீஸ் நிஜம். வந்தது. வீட்டுக்கு வந்து படுத்து, கண் அசந்த மாதிரி இருந்தது. கையை யாரோ பிடித்தார்கள். மணி மூன்றரை. கனியை ஆச்சி எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. கொன்றைப்பூவைப் பார்த்தேன், கண்ணாடியில் தூக்கம் கலையாத என் முகத்தைப் பார்த்தேன். ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றைக் கையில் வைத்து, "நல்லதை முதல்ல கண்டாச்சு. இனி எந்தச் சவத்தையும் போய்ப் பாரு" என்றாள்.

படம் எப்படி என்று கேட்டால், இன்றும் எனக்கு அசல்தான் பெரிது. ஃபாசில் படத்தில் மோகன்லால் வந்து சேரவே வெகுநேரம் ஆகும். அதற்குள் அந்த வீட்டின் ஒவ்வொரு கதவும் நமக்குப் பழகிவிடும், பயமும் அப்படியே ஊறிவிடும். ரஜினிக்கு அது நடக்காது. முதலிலேயே சண்டை, முதலிலேயே பாட்டு. ஃபாசில் பேயே இல்லை என்று உறுதியாகச் சொல்லிப் படம் எடுத்தார். பி. வாசு எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பெரிய பாம்பை அந்த அறைக்குள் விட்டுவைத்தார்; அது எதற்கு வந்தது, எதற்குப் போனது என்று இருபது வருஷமாகியும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் வடிவேலு அசலில் கிடையாது. ரஜினி வேட்டையனாகச் சிரிக்கிற அந்தச் சிரிப்பும் கிடையாது. ஜோதிகா கட்டிலைத் தூக்குகிற காட்சியில் நான் திரையைப் பார்க்கவில்லை. இருக்கையில் திரும்பி உட்கார்ந்து பின்வரிசை முகங்களைப் பார்த்தேன். மலையாளம் பார்த்த நாங்கள் ஏழெட்டுப் பேரும் அப்படித்தான் திரும்பியிருந்தோம். விஷயம் தெரியாத நூறு பேர் ஒரே நேரத்தில் வாய் பிளப்பதைப் பார்க்கிற சுகம் ரீமேக்கில் மட்டும்தான் கிடைக்கும். குளச்சல்காரன் வடிவேலு வரும் இடங்களிலெல்லாம் எங்களைவிட உரக்கச் சிரித்தான். அந்த வாரத்தில் இன்னும் இரண்டு தடவை போனான் என்று கேள்விப்பட்டேன். பயந்தானா என்று நான் கேட்கவில்லை.

தேதி சரிதானா என்கிற கேள்விக்குச் சென்னை சாந்தி தியேட்டர் பதில் சொல்லிவிட்டது. அங்கே படம் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. 1944இல் வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டதைத்தான் அதுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். 800 நாள் ஓடுகிற படத்துக்கு முதல் நாள் எதுவாக இருந்தால் என்ன என்றும் கேட்கலாம்.

அமெரிக்காவில் பேய்க்கென்றே ஒரு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அக்டோபர் 31. அந்த நாளின் பெயரையே வைத்துக்கொண்ட 'ஹாலோவீன்' படத்தின் ரீமேக்கை ராப் ஸோம்பி எடுத்து, 2007 ஆகஸ்ட் 31இல் வெளியிட்டார்கள். இரண்டு மாதம் முன்னதாக! அக்டோபர் கடைசியில் 'ஸா' வரிசையின் நான்காம் படம் வரவிருந்தது. அங்கேயும் ரசிகர்கள் பொங்கினார்கள். ஆனால் ஜான் கார்பென்டரின் 1978ஆம் ஆண்டு அசலே வசந்த காலத்தில் எடுத்ததுதான். தெருவில் பறக்கிற இலையுதிர் காலச் சருகெல்லாம் வண்ணம் பூசிய போலி. எடுக்கும்போது பருவத்தைப் பொய்யாகச் செய்யலாமாம், விடும்போது மட்டும் உண்மையாக இருக்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பேய்க்கு நாள் ஒதுக்கியவர்களுக்கே இந்தப் பாடு என்றால், சித்திரைக்கும் தீபாவளிக்கும் பேயை வீட்டுக்கு அழைக்கிற நாங்கள் எவ்வளவோ தேவலை.

2024இல் 'மணிச்சித்திரத்தாழ்' புது மெருகோடு மறுபடி தியேட்டருக்கு வந்தது. மாமா இப்போது இல்லை, ஆச்சியும் இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போனேன். தமிழ் வரும் இடம் நெருங்கியதும் பழக்கதோஷத்தில் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். "அப்பா, இதெல்லாம் எனக்குத் தெரியும், முன்னால பாருங்க" என்றாள். வெளியே வந்து, டிக்கெட்டில் இருந்த தேதியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஆகஸ்ட் 17. மலையாளச் சிங்கம் மாதம் ஒன்றாம் தேதி, கொல்லம் 1200ஆம் ஆண்டின் முதல் நாள்.