மயானத்தில் ஒலித்த குரல்

இத்தாலிய ஓப்பரா அரங்கிலே உச்சக்குரலிற் பாடும் ஆண் பாடகனை ‘டெனர்’ என்பர். கதையின் காதலனும் வீரனும் பெரும்பாலும் அவனே. ஒலிபெருக்கியின் துணையின்றி, பல வாத்தியங்களின் முழக்கத்தைக் கடந்து, கடைசி வரிசையில் இருப்பவர் செவியையும் அவன் குரல் எட்டுதல் வேண்டும். 1873இல் நேப்பிள்ஸ் நகரிற் பிறந்து 1921இல் அந்நகரிலேயே மறைந்த என்றிக்கோ கரூசோ இக்கலையிற் பெரும்புகழ் பெற்றவர். இசைத்தட்டின் வழியாக, அரங்கினுட் புகாதோரும் அவரை அறிந்தனர்.

ஈழத்துத் தமிழரிடையே அத்தகைய ஒருவரைத் தேடின், முதலில் நினைவுக்கு வருபவர் நடிகமணி வி. வி. வைரமுத்து. 1924இற் காங்கேசன்துறையிற் பிறந்த அவர், வசந்த கான சபா என்னும் குழுவை வழிநடத்தி, இசை நாடகத்தைத் தம் வாழ்வாக வரித்துக்கொண்டவர். இந்நாடக வடிவம் பார்சி நாடகத்தின் சாயலோடு தமிழகத்தில் உருப்பெற்றது. சங்கரதாஸ் சுவாமிகளின் ஆக்கங்களால் வளம்பெற்றது. தமிழகக் குழுக்களின் வருகையாற் கடல் கடந்து யாழ்ப்பாணத்தை அடைந்தது. கொட்டகைக் கூத்து என்றும் ஸ்பெஷல் நாடகம் என்றும் அதனை மக்கள் அழைத்தனர். ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க, பெண் வேடத்தையும் ஆண்களே தாங்கினர்.

யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு இக்கலை வந்தமை வியப்பன்று. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் கிளிநொச்சிப் பகுதியிற் குடியேறியோரிற் பலர் குடாநாட்டினர். நிலத்தைத் திருத்தியவர்கள் தம் கோயில்களையும் திருவிழாக்களையும் நாடக விருப்பையும் உடன் கொணர்ந்தனர். வன்னி மண்ணுக்கும் தனக்கென ஓர் ஆடல்மரபு இருந்தது. முல்லைத்தீவின் கோவலன் கூத்து அதற்குச் சான்று. இரவிரவாகப் பாட்டுக் கேட்டுப் பழகிய மக்களுக்கு, விடியும்வரை நீளும் இசை நாடகம் அந்நியமாகத் தோன்றியிராது. ஆயின் பாடுவோனுக்கு இந்த அரங்கு கடினமானது. நேப்பிள்ஸ் அரங்குக்குச் சுவரும் கூரையும் உண்டு. அவை பாடகனின் ஒலியை அவனுக்கே திருப்பித் தரும். கோயில் வீதியிலோ வயல்வெளியிலோ ஒலியைத் திருப்பித் தர எதுவுமில்லை. பாடியது காற்றோடு போய்விடும்.

வைரமுத்துவின் புகழெல்லாம் ‘அரிச்சந்திரா மயான காண்ட’த்தில் வந்து குவிந்தது. அவர் அதனை மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேற்றினார் என்பது கலையுலகில் வழங்கும் கணக்கு. கதை யாவரும் அறிந்ததே. வாய்மைக்காக நாட்டை இழந்து, மனைவியையும் மகனையும் விற்று, சுடலை காக்கும் தொழிலுக்குத் தன்னையும் விற்றுக்கொண்ட மன்னன் முன்னே, பாம்பு தீண்டி இறந்த மைந்தனின் உடலோடு சந்திரமதி வந்து நிற்கிறாள். அவளிடம் அவன் கேட்பது கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும். அவள் யாரென அறிந்த பின்னும் அவன் கேட்டதை விட்டுக்கொடுப்பதில்லை.

இக்காட்சியின் அருமை, பாடகனின் கண்ணீரில் இல்லை. அழுகிறவனாற் பாட இயலாது. தொண்டை இறுகும், சுருதி நழுவும். தந்தையின் நெஞ்சு வெடித்துக்கொண்டிருக்க, காவலனின் குரல் தளராதிருத்தல் வேண்டும். அழுகை சுருதிக்குள்ளே அடங்கிக் கிடந்தாற்றான் கேட்போர் அழுவர். கரூசோவின் புகழ்பெற்ற வேடங்களுள் ஒன்றான கானியோவும் இத்தகையவனே. லியொன்கவால்லோவின் ‘பல்யாச்சி’யில், மனைவியின் துரோகத்தை அறிந்த கோமாளி நடிகன் அந்த நிலையிலேயே முகத்தில் மாவைப் பூசிச் சபையைச் சிரிக்க வைக்கச் செல்ல வேண்டியிருக்கிறது. இவன் தொழிலுக்காகத் துயரை மறைக்கிறான். அரிச்சந்திரன் வாய்மைக்காக அதனை அடக்குகிறான். இருவரையும் பாடுவோனுக்கு வேண்டிய பயிற்சி ஒன்றே.

1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிற் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலானவற்றை மேடையேற்றி, கற்றோரின் கண்களை நாட்டுக்கூத்தின்பால் திருப்பினார். அக்காலத்திலும் இசை நாடகக் கலைஞர்கள் பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே, கோயிற் கொட்டகைகளிற் பாடிக்கொண்டுதான் இருந்தனர். அவர்களுக்கு மதிப்பிட்டவர்கள் பாயில் அமர்ந்திருந்த உழவர்கள். விடியும்வரை எழுந்து போகாமையே அவர்கள் அளித்த பட்டம்.

1989இல் வைரமுத்து மறைந்தார். மறு ஆண்டிலேயே போரினாற் காங்கேசன்துறையின் மக்கள் வெளியேற நேர்ந்தது. அவர் ஊர் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டுக் கிடந்தது. 1995இன் பேரிடப்பெயர்வின் பின்னர் குடாநாட்டு மக்கள் பெருந்தொகையாக வன்னியை வந்தடைந்தனர். மின்சாரமற்ற அந்நாள்களில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலியும் ஒலிநாடாவும் கேட்டது அங்கே வழக்கமாயிருந்தது. நாடிழந்த மன்னனின் கதையை, ஊரிழந்தவர்கள் புராணமாக மட்டும் கேட்டிருக்க முடியாது.

2009இன் முற்பகுதியில் முல்லைத்தீவின் கடலோரத்தில் அக்கதையும் தோற்றுப்போயிற்று. மயான காண்டத்திலே பிள்ளையின் உடலைத் தாய் சுடலைவரை சுமந்து வருகிறாள். அங்கே சுடலை உண்டு, காவலன் உண்டு, கொடுக்க வேண்டிய கூலிக்கு ஒரு கணக்கும் உண்டு. முள்ளிவாய்க்காலிற் பலருக்கு இவற்றுள் ஒன்றேனும் வாய்க்கவில்லை. பிள்ளையை விட்ட இடத்திலேயே விட்டு நடந்தவர்களுக்கு, கால்பணம் கேட்கும் காவலன்கூடக் கொடியவனாகத் தோன்றான். அவன் முறை தவறாதவன். இறந்தவனுக்கு உரியதை வேண்டி நின்றவன்.

புராணத்தில் இறுதியிலே தேவர்கள் தோன்றுவர், மைந்தன் உயிர்த்தெழுவான், மன்னன் நாட்டைப் பெறுவான். ஆனால் வைரமுத்துவின் பெயரோடு மக்கள் நினைவில் நிலைத்திருப்பது மயானமே. கூலி கேட்கும் அந்தக் குரல் தளராதிருந்ததை அவர்கள் மறக்கவில்லை. துயரத்தைச் சுமந்தபடி சுருதி தவறாது நிற்பது எத்துணைக் கடினமென்பதை, வன்னியிலே எவரும் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.