ஊர்தியின் நாடி

நாடி பிடித்து நோயறியும் கலை நம் சித்த மருத்துவத்தில் ஆழ வேரூன்றியது. வள்ளுவப் பெருந்தகையும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோயை அறிவதோடு நில்லாமல் அது தோன்றிய காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடவேண்டும் என்று மருத்துவனுக்கு அறிவுறுத்துகின்றார். இவ்வறிவுரை மனித உடலுக்கு மட்டுமன்றி, வீட்டு வாயிலில் நிற்கும் மகிழுந்துக்கும் பொருந்தும் என்பதை அண்மையில் நேரிற் கண்டேன். தமிழ் கற்பிப்பவனுக்கு மோட்டார் வண்டியின் வயிற்றுக்குள் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். சொல்லும் பொருளும் எங்கே பிணங்குகின்றனவோ அங்கே தமிழாசிரியனுக்கும் வேலை உண்டு.

என் அத்தா ஆரணியில் வாடகைக்கு அம்பாசிடர் வண்டி ஓட்டியவர். முகூர்த்தப் பட்டெடுக்க வரும் திருமண வீட்டாரை ஏற்றிச் செல்வதே அவருக்குப் பெரும்பகுதித் தொழில். வண்டியில் ஏதேனும் கோளாறு எனின், நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின்மீது வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கண்களை மூடிக்கொள்வார். உள்ளே எந்த உறுப்பு முனகுகின்றது என்பது அவருக்குக் கேட்டுவிடும். அன்றைய வண்டியின் மொழி ஓசை. அதைக் கேட்கக் காது போதுமானதாக இருந்தது.

இன்றைய வண்டியின் மொழி வேறு. காற்று எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று பல உணரிகள் நொடிதோறும் அளந்து சொல்ல, அவற்றைக் கேட்டு எஞ்சினை ஆளும் சிறு கணினி ஒன்று வண்டிக்குள் அமர்ந்திருக்கின்றது. பிழை நேரின் அக்கணினி ஒரு குறியெண்ணைத் தன் நினைவில் பதித்துக்கொண்டு, ஓட்டுநரின் முன்னே மஞ்சள் விளக்கை ஏற்றுகின்றது. புகையால் நகரங்கள் மூச்சுத் திணறியதே இந்த ஏற்பாட்டுக்கு மூலகாரணம். அமெரிக்காவில் 1996 முதல் விற்பனையான மகிழுந்துகள் அனைத்திலும் ‘ஓபிடி 2’ என்னும் பொது முறை கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001இல் அவ்வாறே ஆயிற்று. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் முதற்படியும், 2013 ஏப்ரலில் இரண்டாம் படியும் நடைமுறைக்கு வந்தன.

இணைக்கும் முறை

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, திசைமாற்றிச் சக்கரத்தின் கீழே குனிந்து பார்த்தால், பதினாறு துளைகள் கொண்ட ஒரு செருகுவாய் தென்படும். அதுவே வண்டியின் மணிக்கட்டு. அதில் பொருத்தும் தீப்பெட்டி அளவிலான கருவிதான் அடாப்டர். வண்டியின் மொழியைக் கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் புரியும்படி மாற்றித் தரும் துபாஷி என்று அதனைக் கூறலாம். கனடா நாட்டின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘இஎல்எம் 327’ என்னும் சில்லே இவ்வகைக் கருவிகளுக்கு மூலம். அந்நிறுவனம் 2022இல் மூடப்பட்டுவிட்டது. எனினும் அச்சில்லின் போலிகள் உலகெங்கும் மலிந்துள்ளன. மிக மலிவான போலிகள் சில கட்டளைகளை அறியா. பாதிப் பேச்சில் ஊமையாகிவிடும்.

இணைப்பில் இடர்ப்படுவோர் பெரும்பாலும் கருவியின் வகையை அறியாமல் இடர்ப்படுகின்றனர். பழைய புளூடூத் வகை ஆண்ட்ராய்டு கைப்பேசியோடும் மடிக்கணினியோடும் பேசும், ஐபோனோடு பேசாது. ஐபோன் உடையோர் குறைந்த ஆற்றல் புளூடூத் வகையையோ வைஃபை வகையையோ வாங்குதல் வேண்டும். சாவியைத் திருப்பி வண்டிக்கு மின்னோட்டம் தந்த பின்னரே வண்டியின் கணினி விழிக்கும். பழைய புளூடூத் வகையைக் கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் முதலில் இணைக்கவேண்டும். கடவெண் பெரும்பாலும் 1234 அல்லது 0000. அதன்பின் ‘டார்க்’, ‘கார் ஸ்கேனர்’ போன்ற செயலி ஒன்றைத் திறந்து, அதனுள்ளும் அக்கருவியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இந்த இரண்டாம் படியை மறந்து கருவியைக் குறை கூறுவோர் பலர். மடிக்கணினியெனின் யுஎஸ்பி கம்பி வகை நம்பகமானது. அதற்குரிய இயக்கி மென்பொருளை நிறுவி, எந்த ‘காம்’ வாயிலில் கருவி அமர்ந்துள்ளது என்பதைச் செயலிக்குத் தெரிவித்தால் போதும்.

வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடுதல் நலம். செருகுவாயின் பதினாறாம் துளையில் பேட்டரியின் மின்சாரம் எப்போதும் இருப்பதால், பல நாள் நிற்கும் வண்டியின் பேட்டரியைக் கருவி சிறிது சிறிதாக உறிஞ்சிவிடும்.

குறியும் பொருளும்

2014ஆம் ஆண்டில் தயாரான எங்கள் பழைய மகிழுந்தில் ஒருநாள் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. வெளியூர்ப் பணிமனை ஒன்றில் காட்டினோம். அங்கிருந்தவர் கருவியைப் பொருத்தினார். ‘பி 0171’ என்னும் குறி வந்தது. காற்று மிகுந்து எரிபொருள் குறைந்த கலவை என்பது அதன் பொருள். மறுகணமே, புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரியை மாற்றவேண்டும் என்றார். அவர் கூறிய தொகை என் மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கைக் கேட்டது. நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம்.

ஆரணியில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் சிறு பணிமனை நடத்துகின்றார். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் தம் கைப்பேசியில் அதே குறியைத்தான் கண்டார். ஆனால், அதோடு நிற்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, செயலியில் ‘எரிபொருள் திருத்தம்’ என்னும் எண்ணைக் கவனித்தார். வண்டி நின்றபடி மெல்ல ஓடுகையில் கணினி நூற்றுக்கு 24 பங்கு எரிபொருளைக் கூட்டிக்கொண்டிருந்தது. நிமிடத்திற்கு 2,500 சுழற்சிகள் வரை உயர்த்தியதும் அது 6ஆகக் குறைந்தது.

“ஐயா, உணரி பொய் சொல்லவில்லை. எங்கோ காற்று கசிகிறது. வண்டி மெதுவாக ஓடும்போது அந்தக் கசிவு பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் உள்ளே போகும் மொத்தக் காற்றே அதிகம், அதனால் கசிவு அதில் மறைந்துவிடும்” என்றார்.

காற்றை அளக்கும் உணரிக்கு அப்பால் இருந்த ரப்பர்க் குழாய் ஒன்றின் அடிப்புறத்தில் நூலிழை போன்ற வெடிப்பு. கணக்கில் வராத காற்று அதன் வழியே புகுந்துகொண்டிருந்தது. குழாயை மாற்றியதும் எண் இயல்பு நிலைக்கு வந்தது. அதன் விலை ஒருவேளை உணவின் விலைக்கு மேற்படவில்லை. தூதனைக் கொல்லலாகாது என்பது பழைய அறம். உண்மையுரைத்த உணரியைக் கழற்றி எறிவதும் அதை மீறும் செயலே.

இதனை எப்படிக் கண்டறிந்தாய் என்று வினவினேன். அவர் தறியைக் காட்டிப் பதிலளித்தார். ஆரணித் தறிகளின்மேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டு, பிரெஞ்சு நாட்டின் ஜக்கார்டு என்பவர் 1804இல் அமைத்த பொறியின் வழிவந்தது. அட்டையில் துளை இருந்தால் பாவு நூல் எழும், இல்லையெனின் எழாது. “புடவையில் பூ சிதைந்தால், அட்டை தப்பா, கொக்கி தப்பா, நூல் அறுந்ததா என்று அப்பா வரிசையாகப் பார்ப்பார் ஐயா. பூவைப் பார்த்தவுடன் அட்டையைக் கிழித்துப் போட மாட்டார்” என்றார்.

வகுப்பறையில் நான் பல்லாண்டுகளாகக் கூறிவரும் செய்தியும் இதுவே. அகராதியில் ஒரு சொல்லுக்குரிய பொருளைக் கண்டதும் செய்யுளின் பொருள் விளங்கிவிடாது. இடமும் முன்பின்னும் நோக்கவேண்டும். குறியெண்ணும் ஒரு சொல்லே. நோய் வெளிப்பட்ட தெருவை அது காட்டும். நோய் குடியிருக்கும் வீட்டை நாமே தேடவேண்டும்.

அழிக்கக்கூடிய விளக்கு

இக்கருவிக்கு இன்னோர் ஆற்றலும் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் குறி அழியும், விளக்கு அணையும், நோய் மட்டும் அப்படியே இருக்கும். பழைய வண்டியை விற்கும் முன் விளக்கை அணைத்து, வாங்குவோரை ஏமாற்றுவதற்கும் இது உதவிவிடும். அறிந்தவரை ஏமாற்றுதல் எளிதன்று. குறியை அழித்ததும் வண்டியின் கணினி தன் தற்சோதனைகளையெல்லாம் மீண்டும் தொடங்குகின்றது. அவை முடியப் பல பயணங்கள் ஆகலாம். எனவே பழைய வண்டி வாங்கச் செல்வோர் குறி உண்டா என்பதோடு, அச்சோதனைகள் முடிந்துள்ளனவா என்பதையும் செயலியில் காணவேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அவை முடியாமல் இருக்கலாமாதலின், அதனை மட்டும் கொண்டு விற்பவரைக் கள்வரென்று முடிவுகட்டலாகாது. சில நாள் ஓட்டிய பின் மீண்டும் பார்ப்பதே நீதி.

நம் கடமை

பணிமனையில் நான் கண்ட இன்னொரு காட்சி என் உள்ளத்தை உறுத்தியது. அங்கு வேலை பழகும் சிறுவன் ஒருவன், எஞ்சின் ஓசையைக் கேட்ட அளவில் கோளாறு எந்தப் பக்கம் என்று சரியாகக் கூறினான். ஆனால், செயலி காட்டிய ஆங்கில வரியைப் படிக்க இயலாமல் கைப்பேசியை முதலாளியிடம் நீட்டினான். நோயை அறிந்தவனுக்கு அதன் பெயர் தெரியவில்லை. பெயரை மட்டும் அறிந்தவர்களோ உணரிகளை மாற்றிக்கொண்டிருக்கின்றார்கள். இவ்விடைவெளியைப் பொறியியல் மட்டும் நிரப்பிவிடாது, மொழிதான் நிரப்பவேண்டும்.

தமிழ்த்துறை மாணவர்கள் நினைத்தால் இது கைகூடும். அடிக்கடி தோன்றும் நூறு குறியெண்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள், ஐயுறத்தக்க காரணங்கள், முதலில் சோதிக்கவேண்டிய இடம் ஆகியவற்றைத் தொகுத்துச் சிறு கையேடாக்கலாம். சொற்களை நாமே அறைக்குள் அமர்ந்து ஆக்கிவிடாமல், பணிமனைத் தொழிலாளர் நாவில் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதவேண்டும். அவர்கள் ‘சென்சார்’ என்றால் அதுவே நமக்கும் சொல்லாகட்டும். பட்டம் பெற்றவர் எழுத, தொழில் கற்றவர் திருத்த உருவாகும் அந்நூல், எண்ணெய்க் கறை படிந்த கைகளில் புரளுமாயின், தமிழ் படித்ததற்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை என்பேன்.