கலங்கல்

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமைக் கூட்டத்தில் என் நண்பன் அவமானப்பட்டான். அவன் அவமானப்படப் போகிறான் என்பது முந்தைய நாள் மாலையே எனக்குத் தெரியும்.

இருவரும் ஸ்கூடாயில் இரசாயனப் பொறியியல் படித்தோம். இரண்டு வருஷம் ஒரே அறை. பிறகு ஒரே நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. பதவி உயர்வு மட்டும் அவனுக்கு முதலில் வந்தது. "பரவால்ல மச்சான், அடுத்தது நீதான்" என்று மாமாக் கடையில் தே தாரிக் வாங்கிக் கொடுத்தான். சிரித்துக்கொண்டே குடித்தேன்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் அவனுடைய அறிக்கையின் நகல் எனக்கும் வந்தது. நீரில் எவ்வளவு படிகாரம் கலக்க வேண்டும் என்ற கணக்கில் ஓர் இடத்தில் தசமப் புள்ளி இடம் மாறியிருந்தது. பார்த்தேன். கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் மேலாளர் அந்த வரியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். அவன் தண்ணீர்ப் போத்தலைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தான். என் நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது.

நான் பொய் சொல்லவில்லை. விதி எதையும் மீறவில்லை. அவனுடைய கணக்கைச் சரிபார்ப்பது என் வேலையும் இல்லை. ஆனால் அந்த ஞாயிறு நற்கருணை வாங்க வரிசையில் நின்றபோது கால் நகரவில்லை.

இதயத்தைக் காத்துக்கொள் என்பது நீதிமொழிகள் 4ஆம் அதிகாரத்தில் வரும் அறிவுரை. மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு அதன் பொருள் ரொம்ப எளிது: கண்ட படத்தைப் பார்க்காதே, கண்ட பசங்களோடு சுத்தாதே. அதாவது, வாசலை அடை. நானும் ஓரளவு ஒழுங்காகவே அடைத்து வைத்திருந்தேன். குடிப்பதில்லை, பூசை தவறுவதில்லை. ஆனால் அந்த இனிப்பு எந்த வாசல் வழியாகவும் வரவில்லை. உள்ளேயே ஊறியது. மத்தேயு 15இல் கை கழுவாமல் சாப்பிட்ட சீடர்களுக்காக இயேசு வாதாடுவது இதைச் சொல்லித்தான். மனுஷனின் அழுக்கு எங்கிருந்து கிளம்புகிறது என்பதே அங்கே பேச்சு. எனக்கோ கை கழுவும் சண்டை மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

தூக்கம் வராத அந்த இரவுகளில் எவாக்ரியுஸ் என்ற துறவியைப் பற்றி வாசித்தேன். 4ஆம் நூற்றாண்டுக்காரர். கான்ஸ்டான்டினோப்பிளில் பெயர்பெற்ற திருத்தொண்டராக இருந்தவர். மணமான ஒரு பெண்மீது மனம் போய், பயந்து, ஊரைவிட்டே கிளம்பி ஜெருசலேமுக்கும் பிறகு எகிப்தின் பாலைவனத்துக்கும் போனார். 399இல் எகிப்திலேயே இறந்தார். பாலைவனத்தில் அடைப்பதற்கு வாசல் ஏது? மனிதரை அலைக்கழிக்கும் எண்ணங்களை அவர் எட்டாகப் பிரித்தார்: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், சோர்வு, வீண்பெருமை, செருக்கு. எண்ணத்தோடு போராட வேண்டும் என்பவர், அதற்கு முன் அதைக் கவனி என்கிறார். எது எப்போது வருகிறது, எப்போது தணிகிறது, எதன் பின்னால் எது வருகிறது?

இது எனக்குப் பழக்கமான வேலை. ஆற்றிலிருந்து வரும் நீரின் கலங்கலையும் பிஎச் அளவையும் நேரம் போட்டு எழுதி வைப்பது எங்கள் அன்றாடம். மழை பெய்தால் கலங்கல் ஏறும். அதற்காக ஆற்றின்மேல் கோபப்பட முடியாது. மதகை மூடலாம்தான். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றுநீரில் துர்நாற்ற மாசு கலந்து நிலையங்கள் நிறுத்தப்பட்டபோது கிள்ளான் பள்ளத்தாக்கில் வாளியோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், மூடினால் அழுக்கோடு சேர்ந்து தண்ணீரும் நின்றுவிடும். அம்மா சொன்ன காவலில் எனக்கு இருந்த சிக்கலும் அதுதான்.

கைப்பேசியில் ஒரு குறிப்பு திறந்தேன். அவனை நினைத்து மனம் கசக்கும்போதெல்லாம் நேரத்தை எழுதினேன். இரண்டு வாரத்தில் ஒன்று புரிந்தது. அவன் ஜெயித்த நாட்களில் அது வரவில்லை. என் வேலையை யாரும் கவனிக்காத நாட்களில் வந்தது. 'நான் போதாது' என்ற பழைய துயரம் முதலில் வரும். பத்து நிமிஷம் கழித்து அவன் முகம் வரும். எவாக்ரியுஸின் எட்டில் பொறாமை இல்லாதது முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, திருத்தந்தை முதலாம் கிரகோரிதான் பட்டியலை மாற்றியமைத்துப் பொறாமையைச் சேர்த்தார். ஆனால் துயரம் அந்த எட்டில் இருக்கிறது. என் குறிப்பிலும் அதுதான் முதலில் இருந்தது.

காரணம் தெரிந்தால் குற்றம் கழுவப்பட்டுவிடாது. ஒப்புரவுக்குப் போனேன். எல்லாம் கேட்டுவிட்டு ஃபாதர் ஒன்றுதான் கேட்டார்: "இது அவருக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். வேறெதுவும் சொல்லாமல், 51ஆம் திருப்பாடலைப் பொறுமையாகச் செபிக்கச் சொல்லி மன்னிப்பு வழங்கினார். கோயிலை விட்டு வெளியே வந்த பிறகும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று மத்தேயு 5இல் இருப்பதை அதுவரை அடுத்தவர்களுக்கான அறிவுரையாகவே கேட்டு வந்திருக்கிறேன்.

அதே மாமாக் கடை. "அந்தத் தசமப் புள்ளிய நான் முன்னாடியே பார்த்தேன்டா."

"பார்த்தும் சொல்லலியா?"

"ஆமா."

"ஏன்?"

மறந்துட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. "உன்மேல பொறாமை" என்றேன். அவன் தன் பங்குக்கான காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனான். மூன்று வாரம் பேசவில்லை.

அழுக்கேறிய மணல் வடிகட்டியை நீரைக் கீழிருந்து மேலாகத் திருப்பி விட்டுக் கழுவுவோம். கழுவி முடித்ததும் வரும் முதல் நீர் கலங்கலாகத்தான் இருக்கும். அதை ஊருக்கு அனுப்பாமல் வெளியே விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கசப்பு இப்போதும் வருகிறது. நேரத்தை எழுதிக்கொள்கிறேன். போன மாதம் அவனிடமிருந்து ஓர் அறிக்கை வந்தது. "அனுப்புறதுக்கு முன்னாடி பார்த்துட்டுச் சொல்லு" என்று ஒரே வரி. 'மச்சான்' இல்லை. அன்று இரவு பத்து மணிவரை உட்கார்ந்து தசமப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.