காலையில் கிளம்பாத சக்திமான்

வேலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அந்தச் சக்திமான் லாரியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் தயாராகி, ராணுவத்தில் உழைத்து, ஏலத்துக்கு வந்த வண்டி. வாங்கியவர், பட்டாளத்தில் இதே வண்டியை ஓட்டி ஓய்வுபெற்றவர். ஊர்க்காரர்களுக்கு அவர் ‘மிலிட்டரி’. மூன்று ஏக்கர் கரும்பும், அக்கம்பக்கத்துக் கரும்பை ஆலைக்கு ஏற்றிப்போகும் வாடகையும்தான் குடும்ப வருமானம்.

ஒரு மார்கழியில் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் செல்ஃப் சுற்றும், எஞ்சின் எடுக்காது. டிராக்டர் கட்டி வெகுதூரம் இழுத்தால், இருமிக்கொண்டே கிளம்பும். அதன்பிறகு நாள் முழுக்கத் தொட்டால் ஸ்டார்ட்!

இது 24 வோல்ட் வண்டி. முதலில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டையும் மாற்றினார். செல்ஃப் வேகமாகச் சுற்றியது, எஞ்சின் எடுக்கவில்லை. நாசில்களைச் சர்வீஸ் செய்தார். பலன் இல்லை. “கம்ப்ரஷன் போச்சு அண்ணே. எஞ்சினைப் பிரிச்சு போர் அடிக்கணும்” என்றார் மெக்கானிக். அதற்குப் பணத்துக்கு எங்கே போவது? பழைய இரும்பு வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்தது. வெட்டிய கரும்பு வயலில் கிடந்தால் நாளுக்கு நாள் எடை குறையும்.

அன்று இரவு அவர் மனைவிதான் கேட்டார். “ஏங்க, டேங்க் ரொப்பி நிறுத்துற அன்னிக்கு, மறுநாள் இழுக்க வேண்டியதே இல்லையே... கவனிச்சீங்களா?”

மிலிட்டரிக்கு உறைத்தது. ஸ்பேனரைத் தொடும் முன் கண்ணால் பார் என்று பட்டாளத்தில் படித்த பாடம் மறந்தே போயிருந்தது. விடிந்ததும் மகனை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, சைலன்ஸர் அருகே நின்றார். துளிப் புகை இல்லை. கம்ப்ரஷன் குறைந்திருந்தால், எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வந்திருக்கும். புகையே இல்லை என்றால், டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை என்று அர்த்தம். சூடான பிறகு சுலபமாக எடுப்பது தேய்ந்த எஞ்சினிலும் நடக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டியது புகைதான்.

அடுத்து, ஸ்டாப் கேபிள் முழுவதும் உள்ளே திரும்புகிறதா என்று பார்த்தார். சரியாக இருந்தது. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சினைவிட உயரத்தில் ஒரு டீசல் கேனைக் கட்டி, அதிலிருந்து ஃபீட் பம்புக்கு ஹோஸ் கொடுத்தார். ஃபில்டரின் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பு அடித்து முடுக்கினார். இரவு அப்படியே விட்டார். மறுநாள் காலை ஒரே அடியில் எஞ்சின் எடுத்தது. கோளாறு எஞ்சினில் இல்லை. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில்!

குழாயை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தபோது, ஒரு மூட்டில் செம்பு வாசர் நசுங்கித் தேய்ந்திருந்தது. வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஏனென்றால், அது டீசலை உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். இரவில் அந்தக் காற்று புகுந்ததும், குழாயில் நின்ற டீசல் தாழ்வாக இருக்கும் டேங்குக்கே இறங்கிவிடும். டேங்க் நிறைந்திருந்தால் மட்டம் உயர்ந்து, அவ்வளவாக இறங்காது. மனைவி சொன்ன கணக்கு இதுதான்.

புது வாசர்கள் போட்டு, வெடித்துப்போயிருந்த ரப்பர் ஹோஸையும் மாற்றி, ஏர் எடுத்தார். எல்லாம் சேர்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் செலவு. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது, “இரும்புக்கு நல்ல விலை இருக்கே” என்றார் வியாபாரி. “கரும்புக்கும் இருக்கு” என்று சொல்லிவிட்டு மிலிட்டரி வண்டியேறினார்.

பழைய டிராக்டருக்கும், கிணற்று மேட்டு டீசல் எஞ்சினுக்கும் இதே வரிசைதான். முதலில் புகை, அடுத்து டீசல் வழி. எஞ்சினைப் பிரிப்பது கடைசி. செல்ஃபைச் சில விநாடிகளுக்கு மேல் விடாமல் அடிக்கக் கூடாது. பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டரில் காட்டுவது ஆளையும் எஞ்சினையும் காவு வாங்கும் வேலை. நாசில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும் என்பதால், அங்கே கையை நீட்டவே கூடாது.

மிலிட்டரி இப்போதெல்லாம் டேங்க் பாதியாக இருந்தாலும் கவலைப்படாமல் வண்டியை நிறுத்துகிறார். காலையில் முதல் அடியிலேயே எஞ்சின் எடுக்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும், அடுப்படியில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வருகிறது.