ஸ்கோப் நார்மல் என்ற பிறகு

நரம்பியல் மருத்துவரிடம் வருகிறவர்களில் சிலர் தலையைப் பற்றியும் பேச மாட்டார்கள், கைகாலைப் பற்றியும் பேச மாட்டார்கள். கனத்த ஃபைலை மேசைமேல் வைப்பார்கள். வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, மலப் பரிசோதனை எல்லாம் அதில் இருக்கும். எல்லாமே நார்மல். "கேஸ் டிரபிள்தான் டாக்டர். இங்க எதுக்கு அனுப்பினாங்கன்னே தெரியல" என்பார்கள், கொஞ்சம் கோபத்தோடு.

நார்மல் என்ற அந்தச் சொல்லை நான் ஒரு தடயமாகத்தான் படிக்கிறேன். குடல் சுவரில் புண்ணும் இல்லை, அடைப்பும் இல்லை என்றால், குடலை நடத்துகிற நரம்பைப் பார்க்க வேண்டும். இரைப்பை, குடல் சுவர்களுக்குள் பத்துக் கோடிக்குக் குறையாத நரம்பணுக்கள் பின்னிக் கிடக்கின்றன. கேம்பிரிட்ஜ் உடலியலாளர் லாங்லி 1921இலேயே இதைத் தனி நரம்பு மண்டலமாக வகைப்படுத்திவிட்டார். வேகஸ் நரம்பு இதை மூளைத் தண்டோடு இணைக்கிறது. வாந்தியைக் கிளப்பும் இடமும் அதே மூளைத் தண்டில்தான் இருக்கிறது. அங்கே கோளாறு என்றால் ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்.

ஒரு இளம்பெண் நினைவுக்கு வருகிறார். பிரசவம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நாள் கணக்கில் வாந்தி, கூடவே நிற்காத விக்கல். "யாரோ நினைக்கிறாங்கன்னு முதல் நாள் கேலி பண்ணிக்கிட்டிருந்தோம்" என்றார் மாமியார். பிறகு தண்ணீர்கூடத் தங்கவில்லை. எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியவில்லை. மனசுதான் காரணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் விக்கல் இரண்டாக வெட்டியது. நான் வயிற்றை விட்டுவிட்டுக் கண்ணைப் பற்றிக் கேட்டேன். "எப்பவாவது பார்வை மங்கிச்சாம்மா?" கொஞ்சம் யோசித்தார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கண் சில வாரம் மங்கலாக இருந்ததாம், நிறமெல்லாம் வெளுத்துத் தெரிந்ததாம், பிறகு தானாகவே தெளிந்துவிட்டதாம்.

எம்.ஆர்.ஐ.யில் மூளைத் தண்டின் பின்புறம், வாந்தியைக் கிளப்பும் இடத்திலேயே, சிறிய வெள்ளைத் தழும்பு. ரத்தத்தில் அக்வாபோரின்-4க்கு எதிரான எதிர்ப்பொருள். நியூரோமைலைடிஸ் ஆப்டிகா என்கிற நோய் இது. உடலின் பாதுகாப்புப் படையே கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும். இந்த எதிர்ப்பொருளை 2004இல்தான் அடையாளம் கண்டார்கள். வேறு காரணம் புலப்படாத விக்கலும் வாந்தியும் இந்நோயின் முக்கிய அறிகுறி என்று 2015ஆம் ஆண்டின் சர்வதேச வரையறை தனியாகவே குறிப்பிடுகிறது. ஸ்டீராய்டு ஏறிய சில நாட்களில் விக்கல் நின்றது. விக்கலைவிட எனக்குப் பெரிய கவலை அடுத்த தாக்குதல். அது பார்வையைப் பறிக்கலாம், இரண்டு காலையும் முடக்கலாம். தடுக்க மருந்து உண்டு, ஆனால் நோயின் பெயர் தெரிந்தால்தானே கொடுக்க முடியும்?

குழந்தைகளின் காலை வாந்தியைப் பற்றி ஒன்று. பள்ளிக்குப் போகப் பயம், பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பெரும்பாலும் சொல்வதுண்டு, பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் வாரக்கணக்கில் எழுந்தவுடன் வாந்தி, எடுத்த பின் தலைவலி குறைகிறது, நடை தள்ளாடுகிறது அல்லது தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது என்றால் வயிற்று மருந்தோடு காத்திருக்கக் கூடாது. சிறுமூளைக் கட்டி இப்படித்தான் வரும். குழந்தையை ஒரு நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

காத்திருக்கவே முடியாத இன்னொன்று இருக்கிறது. தரையில் பாய் விரித்துப் படுக்கிற வீடு, மழைக்காலம், விடிவதற்கு முன் ஒரு பையன் வயிற்றுவலி என்று எழுகிறான். வாந்தியும் எடுக்கிறான். ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவின்மேல் பழி விழுகிறது. வலிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கொஞ்ச நேரத்தில் "தூக்கம் வருதும்மா" என்று கண்ணை மூடுகிறான். அது தூக்கம் இல்லை, இமையைத் தூக்கும் சக்தி போய்விட்டது. கட்டுவிரியன் கடித்திருக்கிறது. இரவில் திரியும் பாம்பு. கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கமும் இராது, வலியும் இராது, பல் பட்ட தடம்கூடத் தேடினால் கிடைக்காது. நஞ்சு நரம்பு நுனிகளைத் தாக்கும்போது பலருக்கு முதலில் தெரிவது வயிற்றுவலிதான்.

இப்படி விடிகாலை வயிற்றுவலியோடு வருகிறவர்களிடம் பயிற்சி மருத்துவர்கள் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி: "ராத்திரி எங்க படுத்திருந்தீங்க?" தரையில் என்றால் மூன்று சோதனை. மேலே பார்த்தபடியே இருக்கச் சொல்ல வேண்டும், இமை சரிகிறதா என்று. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் எண்ணச் சொல்ல வேண்டும். சற்று முன் இருபத்தைந்து வரை எண்ணியவன் இப்போது பன்னிரண்டில் நின்றால் வென்டிலேட்டரைத் தயாராக வைக்க வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்துத்தான். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் நஞ்சு இதற்கு ஒரு முக்கிய மூலம். ஆனால் ஏற்கெனவே சேதமான நரம்பு நுனியை அந்த மருந்தால் மீட்க முடியாது. அது தானாக மீளும்வரை மூச்சை நாம் தாங்கிப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் பையன் நடந்தே வீட்டுக்குப் போவான்.

இதற்கு நேர்மாறாக ஆண்டுக்கணக்கில் அவகாசம் தருகிற நோயும் இருக்கிறது. ஓய்வு பெற்றவர், மலச்சிக்கல், இசப்கோலும் கடுக்காய்ப் பொடியும் முயன்று பார்த்தவர். வயதானால் வருவதுதானே? பெரும்பாலும் ஆம். மலச்சிக்கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நரம்பு நோய் எதுவும் வராது; இதைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் இன்னும் சில கேள்விகள் கேட்கலாம். காப்பி வாசனை தெரிகிறதா? ரசம் தாளிக்கிற மணம்? மனைவியிடம் கேட்க வேண்டியது வேறு. தூக்கத்தில் இவர் என்ன செய்வார்? "கனவுல யாரோடயோ சண்டை போடறார். ஒருநாள் என் மேலயே அடி விழுந்துச்சு, நான் இப்ப தனியாதான் படுக்கறேன்" என்று தயங்கித் தயங்கிச் சொன்ன அம்மாக்கள் உண்டு. வயிற்று டாக்டரிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. யாரும் கேட்பதும் இல்லை.

பிறகு வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்ப்பேன். இடது கை வீசும், வலது கை உடம்போடு ஒட்டியபடியே வரும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகலமாகத் திறந்து வேகமாகத் தட்டச் சொன்னால் முதல் சில தட்டு நன்றாக இருக்கும். போகப்போக இடைவெளி சுருங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். பாங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பியதை அப்போதுதான் சொல்வார்.

நடுக்கம் இன்னும் வரவே இல்லை. ஆனால் இது பார்க்கின்சன். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் எழுதிய சிறு நூலிலேயே மலம் கழிக்கச் சிரமப்படுவதைக் குறித்திருக்கிறார். ஹைக்கோ பிராக் 2003இல் முன்வைத்த கருத்துப்படி, ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் திரள்வது மோப்ப நரம்பு முனையிலும், வேகஸ் நரம்பு புறப்படும் இடத்திலும் முதலில் தென்படுகிறது. அதன் பிறகுதான் கைகால் அசைவுக்குரிய பகுதிக்கு ஏறுகிறது. முன்காலத்தில் குடற்புண்ணுக்காக வேகஸ் நரம்பை முழுதாக வெட்டிக்கொண்டவர்களை டென்மார்க்கில் நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தபோது, பார்க்கின்சன் சற்றுக் குறைவாகவே இருந்ததாக 2015இல் ஓர் ஆய்வு வந்தது. எல்லோருக்கும் குடலில்தான் தொடங்குகிறது என்று நான் நினைக்கவில்லை. சிலருக்குக் குடல் வழி, சிலருக்கு மூளையிலேயே தொடக்கம் என்பதுதான் நான் பார்க்கிற நோயாளிகளோடு பொருந்துகிறது.

இங்கே ஒரு வேதனையான விஷயம் இருக்கிறது. வயிறு உப்புசம், ஏப்பம் என்று போனால் அமிலம் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்ஸ்யூல் சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது. மாதக்கணக்கில் அதையே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். மெட்டோகுளோப்ரமைடைப் போல இதுவும் டோபமைனைத் தடுக்கும். பார்க்கின்சன் இல்லாத முதியவருக்கே நடுக்கத்தையும் இறுக்கத்தையும் உண்டாக்கும். இருக்கிறவருக்கு இன்னும் மோசமாக்கும். அதனால்தான் நடுக்கம் என்று வருகிறவரிடம் "கேஸுக்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்க? அட்டையைக் கொண்டுவந்து காட்டுங்க" என்று முதலிலேயே கேட்கிறேன். அந்தக் கேப்ஸ்யூலை நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ நடுக்கம் அடங்கியவர்கள் உண்டு. ஆயுள் முழுக்க ஒரு நோயாளியாக வாழ வேண்டாம் என்று அவர்களிடம் சொல்வது என் தொழிலில் நான் மிகவும் விரும்பும் வேலை.

உண்மையான பார்க்கின்சன் என்றால் லெவோடோபா தொடங்குவோம். அதை உறிஞ்சுவதும் சிறுகுடல்தான். இரைப்பை மந்தமாக இருந்தால் மாத்திரை அங்கேயே கிடக்கும். "காலை மாத்திரை வேலை செய்யல டாக்டர்" என்கிறவருக்கு உடனே டோஸை ஏற்றுவதில்லை. மலம் ஒழுங்காகப் போகிறதா, மாத்திரையை எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்கிறேன். இட்லி சாம்பாருக்கு அரைமணி நேரம் முன்பே விழுங்கிவிடச் சொல்கிறேன். பருப்பின் புரதமும் அதனோடு போட்டிபோடும். தண்ணீரையும் கீரையையும் கூட்டி, மலமிளக்கி ஒன்றும் எழுதித் தருகிறேன். அடுத்த முறை வரும்போது பல சமயம் அதே டோஸிலேயே சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார்.